பாட்டி, அம்மா, அத்தை, மைத்துனன்: ஹான் வூ தொடரைப் பார்ப்பதற்கு முன்

சீன வரலாற்றுத் தொடர் ஒன்றை ஆசையாகப் பார்க்க ஆரம்பித்து, மூன்றாவது பகுதியிலேயே "இவர் போன பகுதியில் செத்துப்போனவர் இல்லையா?" என்று குழம்பி, அப்படியே நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர். குற்றம் அவர்கள் மேல் இல்லை. திரையில் வருகிற ஆண்களில் பாதிப் பேருக்கு லியூ என்று ஒரே குடும்பப் பெயர். எல்லாருக்கும் தாடி. எல்லாரும் ஒரே மாதிரி அகலக் கை வைத்த அங்கி அணிந்து, பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து, சன்னக் குரலில் ஒருவரையொருவர் கவிழ்க்கத் திட்டம் போடுகிறார்கள்.

2005-இல் சீன மத்தியத் தொலைக்காட்சியில் வந்த 'ஹான் வூ தா தி' தொடரிலும் இதே சிக்கல் உண்டு. ஹான் வம்சத்துப் பேரரசர் வூவின் வாழ்க்கை அது. ஹு மெய் இயக்கியது. பேரரசராக நடித்தவர் சென் பாவ்குவோ. ஐம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள். சிமா சியான் எழுதிய 'ஷிஜி', பின்னால் வந்த 'ஹான்ஷு' என்ற இரண்டு பழைய வரலாற்று நூல்களை அடிப்படையாக வைத்து எடுத்தது. அந்தப்புரப் பெண்கள் விஷம் வைத்துக்கொள்ளும் கற்பனைத் தொடர்கள் ஒரு ரகம். நடந்ததை நடந்தபடி சொல்ல முயலும் இது வேறு ரகம். அதனாலேயே இதில் பாத்திரங்கள் அதிகம். வரலாறு நம் வசதிக்காக ஆட்களைக் குறைத்துக்கொள்ளாதே.

இந்தக் கூட்டத்துக்குள் வழி கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களைக் கவனிப்பது. அவையில் ஒருவர் எழுந்து பேசினால், "இவர் எந்தப் பெண்ணின் பிறந்த வீட்டைச் சேர்ந்தவர்?" என்று கேளுங்கள். முக்கால்வாசி அரசியல் அப்போதே விளங்கிவிடும். அரசியின் அண்ணன் தம்பிகள், அரசமாதாவின் உடன்பிறந்தார், அவர்களுடைய பிள்ளைகள் என்று பெண் வழியாக அரண்மனைக்குள் வந்து அதிகாரம் பெற்றவர்களைச் சீன வரலாற்றில் 'வாய்ச்சி' என்பார்கள். இந்தக் கட்டுரையில் அவர்களைப் பிறந்த வீட்டார் என்றே சொல்கிறேன்.

ஏன் அவர்களிடம் போனது அதிகாரம்?

சிங்காசனத்தில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான் என்று வையுங்கள். அவனுக்கு நம்பிக்கையான ஆட்கள் வேண்டும். சித்தப்பா, பெரியப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் லியூ. அவர்களும் அதே சிங்காசனத்தில் உட்காரலாம். ஆகவே அவர்களே முதல் ஆபத்து. அமைச்சர்களோ யார் வந்தாலும் வேலை பார்ப்பவர்கள். மிச்சமிருப்பது அம்மாவின் வீடும் மனைவியின் வீடும். தாய்மாமனுக்குக் குடும்பப் பெயர் வேறு. அவர் அரசராக முடியாது. மருமகன் ஆளும்வரைதான் அவருக்கு வாழ்வு. எனவே அவரை நம்பலாம்.

கணக்கு சரிதான். ஒரே ஓட்டை, அந்த மாமனின் அக்காவுக்கு அரசனையே அதட்டும் உரிமை இருந்ததுதான். பெற்றோருக்குப் பணிவது எல்லா அறத்திலும் மேலான அறம் என்று வைத்திருந்த நாட்டில், பேரரசரே ஆனாலும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் எதிரே பேச முடியாது. தலைநகர் சாங்கானில் (இன்றைய சியானுக்குப் பக்கத்தில்) இது கட்டடமாகவே நின்றது. பேரரசர் இருந்தது மேற்கே வெய்யாங் அரண்மனையில். அரசமாதா இருந்தது கிழக்கே சாங்லே அரண்மனையில். தொடரில் "கிழக்கு அரண்மனைக்குச் சொல்லியாகிவிட்டதா?" என்கிற மாதிரி யாராவது கேட்டால், பாட்டியம்மாவின் அனுமதி கிடைத்ததா என்று அர்த்தம்.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை ஹான் வம்சம் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டது. வம்சத்தை நிறுவிய லியூ பாங் கி.மு. 195-இல் இறந்ததும், அவர் மனைவி லூ அரசி பதினைந்து வருடம் நாட்டை ஆண்டார். மகன், பேரன்கள் பெயருக்கு அரசர்கள். தன் பிறந்த வீட்டாரைச் சிற்றரசர்களாக்கினார். லியூ குடும்பத்து வாரிசுகள் சிலர் உயிரிழந்தார்கள். கி.மு. 180-இல் அவர் கண்ணை மூடியதுமே லூ குடும்பத்தை வேரோடு அழித்தார்கள். அடுத்த அரசரைத் தேர்ந்தெடுக்க மூத்த அமைச்சர்கள் கூடியபோது, வாரிசு எப்படிப்பட்டவர் என்பதோடு, அவருடைய அம்மா வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்றும் விசாரித்தார்கள். சாதுவான அம்மா, சாதுவான குடும்பம் என்று பார்த்துத்தான் வென் பேரரசரைக் கொண்டுவந்தார்கள். நம் கதாநாயகனின் தாத்தா அவர். லூ அரசியின் நினைவு தொடர் முழுக்கக் கூடவே வரும். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு.

மறுக்கப்பட்ட ஒரு சம்பந்தம்

பேரரசர் வூவின் இயற்பெயர் லியூ சே. பிறந்தது கி.மு. 156. அப்பா ஜிங் பேரரசருக்கு நிறையப் பிள்ளைகள். இவர் மூத்தவரும் இல்லை, அரசிக்குப் பிறந்தவரும் இல்லை. பட்டத்து இளவரசனாக இருந்தது மூத்தவன் லியூ ரோங். பிறகு எப்படி இவர் அரசரானார்? போரும் இல்லை, சதிக்கூட்டமும் இல்லை. ஒரு பெண் கேட்டுப் போய், இன்னொரு பெண் 'முடியாது' என்று சொன்னதில் எல்லாம் மாறியது.

ஜிங் பேரரசருக்கு லியூ பியாவ் என்று ஓர் அக்கா. லியூ சேவுக்கு அத்தை. தன் மகளை வருங்கால அரசிக்கு உரிய இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் லியூ ரோங்கின் அம்மாவிடம் போனார். அந்த அம்மாள் லி, பேரரசரின் பிரியத்துக்குரியவர். ஆனால் பொறாமை அதிகம். தம்பிக்கு அழகான பெண்களை அவ்வப்போது அறிமுகம் செய்துவைப்பதே இந்த நாத்தனார்தான் என்று அவருக்குக் கடுங்கோபம். சம்பந்தம் வேண்டாம் என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

அத்தை அடுத்துப் போனது லியூ சேவின் அம்மா வாங் ஜியிடம். அவர் உடனே சரி என்றார். வாங் ஜியின் கதையே தனி. அரண்மனைக்கு வருமுன் அவருக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. உன் மகள்கள் பெரிய நிலைக்கு வருவார்கள் என்று ஒரு ஜோசியர் சொன்னதைக் கேட்டு, அவருடைய அம்மா புருஷன் வீட்டிலிருந்து மகளைக் கூட்டிவந்து அன்றைய பட்டத்து இளவரசரின் மாளிகையில் சேர்த்துவிட்டார். அவ்வளவு தூரம் வந்தவருக்கு, ஓர் அரசகுமாரி வீடு தேடி வந்து பெண் தருகிறேன் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

நமக்கு இந்த உறவில் விளக்கமே தேவையில்லை: அத்தை மகள், முறைப்பெண். வசனவரிகளில் 'கசின்' என்று போட்டு விட்டுவிடுவார்கள். அதைப் படித்தால் எந்த அத்தை, எந்த வழி என்று ஒன்றும் தெரியாது. தமிழில் யோசித்துப் பார்த்தால் இந்தத் தொடர் பாதி எளிதாகிவிடும்.

அத்தை தம்பியின் காதில் லி அம்மாளைப் பற்றிப் போட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். கி.மு. 150-இல் லியூ ரோங் பட்டம் இழந்தான். வாங் ஜி அரசியானார். ஏழெட்டு வயது லியூ சே பட்டத்து இளவரசன். சிறுவனை மடியில் வைத்து அத்தை "என் மகளைக் கட்டிக்கொள்வாயா?" என்று கேட்க, "கட்டிக்கொண்டால் அவளுக்குத் தங்கத்தில் வீடு கட்டித் தருவேன்" என்று அவன் சொன்னதாக ஒரு கதை பிரபலம். அது சிமா சியானின் நூலில் இல்லை. பிற்காலக் கதைத்தொகுப்பில் வருவது. ஆனாலும் சீனாவில் அதைத் தெரியாதவர் குறைவு.

கண் தெரியாத பாட்டி

கி.மு. 141-இல் ஜிங் பேரரசர் இறந்தார். பதினைந்து, பதினாறு வயதுப் பையன் வூ பேரரசரானான். கதை வேகமெடுக்கும் என்று நாம் நினைக்கும்போது, கிழக்கு அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறார் தோவ் பாட்டி. கண் பார்வை போய்விட்டது. பிடி மட்டும் தளரவில்லை. தொடரில் இந்த வேடத்தில் நடித்தவர் தைவான் நடிகை குய் யாலெய். தொடரின் முதல் பகுதிகள் அவருடையவை என்றே சொல்வேன்.

பாட்டிக்கு லாவோ சியின் வழி பிடிக்கும். அரசு அதிகம் தலையிடாமல் இருந்தால் நாடு தானாகச் செழிக்கும் என்ற கொள்கை. கன்பூசியஸ் வழி அறிஞர்களைக் கண்டால் ஆகாது. மகன் காலத்திலேயே யுவான் கு என்ற கிழட்டு அறிஞரைக் கூப்பிட்டு லாவோ சி நூலைப் பற்றிக் கேட்டார். அவர் "அது வேலைக்காரர்கள் பேச்சு" என்று சொல்லிவிட்டார். பாட்டிக்கு வந்த கோபத்தில், போய்க் காட்டுப்பன்றியோடு சண்டை போடு என்று அவரைப் பன்றிப் பட்டிக்குள் இறக்கச் சொன்னார். அம்மாவை எதிர்க்கவும் முடியாமல், கிழவர் சாவதைப் பார்க்கவும் முடியாமல் ஜிங் பேரரசர் என்ன செய்தார்? கூர்மையான ஆயுதம் ஒன்றை அவரிடம் கொடுத்தனுப்பினார். கிழவர் ஒரே குத்தில் பன்றியின் நெஞ்சைத் துளைத்துவிட்டார். பாட்டி வாய் திறக்கவில்லை. நாட்டின் பேரரசர் செய்ய முடிந்தது அவ்வளவுதான், ஒரு கத்தியை நைசாகக் கொடுப்பது.

பேரனுக்கு அந்தப் பொறுமை இல்லை. வந்ததுமே கன்பூசியஸ் வழி அறிஞர்களைப் பதவிகளில் அமர்த்தினான். அவர்களில் சாவ் வான் என்பவர், "இனிமேல் அரசு விவகாரங்களைக் கிழக்கு அரண்மனைக்குத் தெரிவிக்க வேண்டாம்" என்று ஆலோசனை சொன்னார். கி.மு. 139-இல் பாட்டி திருப்பி அடித்தார். சாவ் வானும் அவர் தோழர் வாங் ஸாங்கும் சிறைக்குப் போய் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார்கள். முதலமைச்சரும் படைத்தலைவரும் பதவி இழந்தார்கள். பேரரசர் வேட்டைக்குப் போக ஆரம்பித்தார்.

அந்த வேட்டைக் காட்சிகளைப் பார்த்து 'பையன் விளையாட்டுப் பிள்ளையாகிவிட்டான்' என்று நினைக்க வேண்டாம். கி.மு. 135-இல் பாட்டி இறக்கும்வரை வேறு வழியில்லை. அதற்குள் அவர் செய்தது ஒன்று உண்டு: கி.மு. 138 வாக்கில் சாங் சியான் என்பவரை மேற்கே தூது அனுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு போன அவரை வடக்கத்து நாடோடிகளான சியோங்னுகள் பிடித்து வைத்துக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல் விடவில்லை. கி.மு. 126-இல் திரும்பி வந்தபோது உடன் போனவர்களில் ஒரே ஒருவர்தான் மிச்சம். பட்டுப்பாதை என்று பிற்காலத்தில் பேர்பெற்ற வழியைப் பற்றிச் சீன அரசுக்குக் கிடைத்த முதல் நேரடித் தகவல்கள் அவர் கொண்டுவந்தவை.

தாய்மாமன்

பாட்டி போனார், அம்மா வந்தார். அம்மாவோடு தாய்மாமன் தியான் ஃபென்னும் முதலமைச்சராக வந்தார்.

சிமா சியான் இந்த மனிதரை எழுதியிருக்கும் விதம் அபாரம். முதலமைச்சர் தினமும் பேரரசரிடம் வந்து, இன்னாருக்கு இந்தப் பதவி, அன்னாருக்கு அந்தப் பதவி என்று அடுக்கிக்கொண்டே போவார். ஒருநாள் பேரரசர், "உங்கள் ஆட்களைப் போட்டு முடித்தாயிற்றா? நானும் ஒருசிலரைப் போட வேண்டும்" என்றார். இன்னொரு நாள், வீட்டை விரிவாக்க அரசுப் பட்டறையின் நிலத்தைக் கேட்டார் மாமா. "ஆயுதக் கிடங்கையே எடுத்துக்கொள்ளுங்களேன்!" என்று சீறினார் மருமகன். அதன் பிறகுதான் மாமா கொஞ்சம் அடங்கினார்.

தியான் ஃபென்னுக்கு நேர் எதிரே நின்றவர் தோவ் யிங். பெயரிலேயே தெரிகிறது, பாட்டியின் பிறந்த வீடு. பாட்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். ஆனால் நேர்மையானவர். முன்பு ஒரு விருந்தில் ஜிங் பேரரசர் குடித்த மயக்கத்தில் "எனக்குப் பிறகு ஆட்சியைத் தம்பிக்குத் தருகிறேன்" என்று உளறியபோது, 'தகப்பனுக்குப் பிறகு மகன் என்பதே முறை' என்று எழுந்து தடுத்தவர் இவர்தான். அந்தத் தம்பி பாட்டியின் செல்லப்பிள்ளை. பாட்டி கோபித்துக்கொண்டு, அரண்மனைக்குள் வர அனுமதி உள்ளவர்கள் பட்டியலிலிருந்தே இவர் பெயரை நீக்கினார்.

பாட்டி போனபின் தோவ் யிங்கின் வாசலில் கூட்டம் குறைந்தது. தியான் ஃபென் வாசலில் கூடியது. தோவ் யிங்கோடு கடைசிவரை நின்ற நண்பர் குவான் ஃபூ, போர்வீரர், மகா குடிகாரர். தியான் ஃபென்னின் கல்யாண விருந்தில், தோவ் யிங் மரியாதைக்கு மது ஏந்தியபோது பலர் ஒழுங்காக எழுந்து பதில் மரியாதை செய்யவில்லை. குவான் ஃபூ போதையில் திட்டித் தீர்த்தார். அவ்வளவுதான் விஷயம். அதற்கு அவரைச் சிறையில் போட்டு, குடும்பத்தோடு மரண தண்டனை என்றார்கள். நண்பரைக் காப்பாற்ற தோவ் யிங் பேரரசரிடம் போனார். வழக்கு கிழக்கு அரண்மனையில் அவை முன்னால் வந்தது.

இந்த விவாதக் காட்சி வரும்போது கைபேசியை ஓரமாக வைத்துவிடுங்கள். பேரரசருக்குத் தோவ் யிங் பக்கம் நியாயம் என்று தெரியும். அமைச்சர்களுக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. ஒருவர் ஆதரித்துப் பேசிவிட்டுப் பின்வாங்குகிறார். பேரரசர் எரிச்சலோடு எழுந்து அம்மாவுடன் சாப்பிடப் போகிறார். அம்மா சாப்பிட மறுக்கிறார். நான் உயிரோடு இருக்கும்போதே என் தம்பியை மிதிக்கிறார்கள், நான் செத்த பிறகு மீனையும் இறைச்சியையும் போல வெட்டிப்போட மாட்டார்களா என்று கேட்கிறார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்ததில் வழக்கு முடிந்தது. குவான் ஃபூவும் போனார், தோவ் யிங்கும் வெட்டுப்பட்டார். சில மாதத்தில் தியான் ஃபென்னும் நோயில் விழுந்து, அந்த இரண்டு பேரும் தன்னை அடிக்க வருவதாக அலறியபடி இறந்தார் என்கிறது பழைய வரலாறு.

அம்மா என்றால் அதட்டல் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் கல்யாணத்தில் பிறந்த மகளை வாங் ஜி வெளியே சொல்லாமலே வைத்திருந்தார். பேரரசரானதும் வூவுக்கு விஷயம் தெரிய வந்தது. தானே தேர் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். வாசலில் குதிரைப்படையைப் பார்த்த வீட்டுக்காரர்கள் நடுநடுங்க, அக்கா உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார். கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். "அக்கா, ஏன் இவ்வளவு உள்ளே போய் ஒளிந்தாய்?" என்று பேரரசர் அழுதார். நேராக அம்மாவிடம் அழைத்துப் போனார். இந்த மனிதரின் வாழ்க்கையில் உறவு என்பதால் யாரும் சாகாத அபூர்வமான நாள் அது.

தானே தேர்ந்தெடுத்த மைத்துனன்

இப்போது பேரரசர் கற்றுக்கொண்டுவிட்டார். பாட்டி வீடும் அம்மா வீடும் அவருக்கு வாய்த்தவை. மனைவி வீட்டைத் தானே உருவாக்கிக்கொள்ளலாமே?

வெய் சிஃபு, பேரரசரின் அக்கா பிங்யாங் அரசகுமாரியின் வீட்டில் பாடகி; பேரரசர் விரும்பி அரண்மனைக்கு அழைத்துக்கொண்ட பெண். தம்பி வெய் சிங் அதே வீட்டில் குதிரைவீரனாக இருந்தவன். சின்ன வயதில், கழுத்தில் இரும்பு வளையம் மாட்டிய ஒரு கைதி அவன் முகத்தைப் பார்த்து "நீ பெரிய பிரபுவாவாய்" என்று சொன்னான். "அடிமையாய்ப் பிறந்தவன், அடியும் திட்டும் வாங்காமல் இருந்தால் போதும்" என்றான் இவன். வெய் சிஃபு கருவுற்றதும், அரசியாகிவிட்ட தன் மகளுக்குக் குழந்தை இல்லாத ஆத்திரத்தில் அத்தை லியூ பியாவ் வெய் சிங்கைக் கடத்திக் கொல்லப் பார்த்தார். நண்பன் கொங்சுன் ஆவ் ஆட்களோடு வந்து மீட்டான். விஷயம் தெரிந்த பேரரசர், வெய் சிங்குக்குப் பதவி கொடுத்தார். அத்தை ஒழிக்க நினைத்தவனை அத்தையே மேலே ஏற்றிவிட்டார்.

கி.மு. 130-இல் அத்தை மகள் பில்லிசூனியக் குற்றத்தில் அரசிப் பட்டம் இழந்தார். அந்த வழக்கில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கி.மு. 128-இல் பாடகி அரசியானார்.

போர்க்காட்சிகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வடக்கே குதிரை மேல் வாழ்ந்த சியோங்னுகளுக்கு, லியூ பாங் காலத்திலிருந்தே அரசகுமாரிகளையும் பட்டையும் தானியத்தையும் கொடுத்துச் சமாதானம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை வூ நிறுத்தினார். கி.மு. 129-இல் நான்கு தளபதிகள் தலைக்குப் பத்தாயிரம் குதிரைவீரர்களோடு போனார்கள். வெற்றியோடு வந்தவர் வெய் சிங் மட்டும். பிறகு அவருடைய அக்கா மகன் ஹுவோ சூபிங் வந்தான். இருபத்து நான்கு வயதில் இறப்பதற்குள் இன்றைய கான்சு பகுதியையே பிடித்துக் கொடுத்தான். கி.மு. 119-இல் மாமனும் மருமகனும் கோபி பாலைவனத்தைத் தாண்டிப் போனார்கள். போன குதிரைகள் 1,40,000; திரும்பியவை 30,000-க்கும் குறைவு. அந்தச் செலவை ஈடுகட்டத்தான் உப்பும் இரும்பும் அரசின் ஏகபோகமாயின.

கவனிக்க வேண்டியது வெய் சிங்கின் நடத்தை. இவ்வளவு பெரிய தளபதி, அரசியின் தம்பி, பிறகு தன் பழைய எஜமானி பிங்யாங் அரசகுமாரியையே மணந்தவர். ஆனால் தனக்கென்று ஆதரவாளர் கூட்டம் சேர்க்கவே இல்லை. அறிஞர்களை ஆதரித்தால் நல்ல பேர் வருமே என்று ஒருவர் சொன்னபோது, தோவ் யிங்கும் தியான் ஃபென்னும் ஆள் சேர்த்ததைப் பார்த்துப் பேரரசர் பல்லைக் கடித்தார், அது எனக்குத் தெரியும் என்கிற பொருளில் பதில் சொன்னார். அந்த விருந்துச் சண்டையிலிருந்து சரியான பாடம் படித்தவர் அவைக்கு வெளியே நின்ற இந்தக் குதிரைக்காரர்தான்.

கிழவரும் மகனும்

ஹுவோ சூபிங் கி.மு. 117-இல் இறந்தான். வெய் சிங் கி.மு. 106-இல். அரசிக்கு வயதாகிவிட்டது. மகன் லியூ ஜூ பட்டத்து இளவரசன், முப்பதுகளில் இருக்கிறான். அப்பா அறுபதைத் தாண்டியும் இறப்பதாக இல்லை. சாகா மருந்து தேடிக்கொண்டிருக்கிறார், யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பிறந்த வீட்டில் போர்வாளோடு நிற்க ஆளில்லாத அரசியும் இளவரசனும் எவ்வளவு தனிமையானவர்கள் என்பதைக் கடைசிப் பகுதிகளில் பார்க்கலாம்.

கி.மு. 91-இல் மறுபடியும் சூனியப் புகார். முதலில் விழுந்தது அரசியின் அக்கா குடும்பம். விசாரணைக்குப் பொறுப்பு ஜியாங் சோங். இளவரசனோடு அவருக்கு முன்பே பகை. கிழவர் போய் இளவரசன் வந்தால் தன் தலை போகும் என்ற பயம். இளவரசனின் மாளிகையில் தோண்டி மரப்பொம்மைகளை 'கண்டெடுத்தார்'. பேரரசர் அப்போது தலைநகருக்கு வடக்கே கான்சுவான் அரண்மனையில் இருந்தார். நேரில் போய்ச் சொல்ல வழி இல்லை. இளவரசன் ஜியாங் சோங்கைப் பிடித்து வெட்டினான். மகன் கலகம் செய்கிறான் என்று அப்பா படை அனுப்பினார். சாங்கான் தெருக்களில் ஐந்து நாள் சண்டை. செத்தவர்கள் பல பத்தாயிரம். அரசி வெய் சிஃபு தற்கொலை செய்துகொண்டார். தப்பியோடிய லியூ ஜூ, செருப்பு விற்றுப் பிழைத்த ஓர் ஏழையின் வீட்டில் ஒளிந்திருந்தான். தேடி வந்தவர்கள் சுற்றி வளைத்ததும் தூக்குப் போட்டுக்கொண்டான்.

பிறகு உண்மை தெரிந்தது. இறந்த மகன் நினைவாகப் பேரரசர் ஒரு மாளிகை கட்டினார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அப்புறம் வாரிசு? மிச்சமிருந்தவர்களில் அவர் தேர்ந்தெடுத்தது கடைசி மகன் லியூ ஃபுலிங்கை. ஆறேழு வயதுக் குழந்தை. அம்மா கோயி சீமாட்டி இளம்பெண். ஒருநாள் பேரரசர் அவளை ஏதோ காரணம் சொல்லிக் கடிந்தார். அவள் கொண்டை ஊசிகளைக் கழற்றிவைத்துத் தலை தாழ்த்தி வணங்கினாள். இழுத்துப் போகச் சொன்னார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "சீக்கிரம் போ, நீ பிழைக்க முடியாது" என்றார். மகனுக்குப் பட்டம் கட்டப் போகிறவர் அம்மாவை ஏன் கொன்றார் என்று சுற்றியிருந்தவர்கள் பேசியபோது அவர் சொன்ன விளக்கம்: அரசன் குழந்தை, தாய் இளமையும் பலமும் உள்ளவள், அவளை யார் தடுப்பது, லூ அரசியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில்லையா?

வில்லன்போலத் தோன்றும் இடம் இது. எனக்கும் அவர் மேல் இந்த இடத்தில் இரக்கம் வருவதில்லை. ஆனால் பாட்டியின் கோபமும் அம்மாவின் சாப்பாட்டுத் தட்டும் நினைவில் இருந்தால், அவர் எதைக் கண்டு பயந்தார் என்பதாவது புரியும்.

கி.மு. 87-இல், 54 வருட ஆட்சிக்குப் பின் வூ இறந்தார். தொடர் சொல்லும் வாழ்க்கை அவ்வளவுதான். வரலாற்றில் கொஞ்சம் மேலே படித்தால், குழந்தை அரசருக்குக் காவலாக அவர் விட்டுப்போன முக்கியமான ஆள் ஹுவோ குவாங் என்று தெரியும். யார் இவர்? ஹுவோ சூபிங்கின் தம்பி, அப்பா ஒன்று அம்மா வேறு. சில வருடங்களிலேயே இவருடைய மகள் வயிற்றுப் பேத்தி, சின்னஞ்சிறு பெண், புது அரசருக்கு அரசியானாள். அடுத்து சுவான் பேரரசர் காலத்தில் இவருடைய மகளே அரசி. அந்த சுவான் வேறு யாருமில்லை: கி.மு. 91 கொலைகளில் சிறையில் கிடந்து தப்பிய கைக்குழந்தை, லியூ ஜூவின் பேரன். ஹுவோ குவாங் இறந்தபின், கி.மு. 66-இல் அவர் ஹுவோ குடும்பத்தையே அழித்தார். அதற்குப் பின் வாங் என்று இன்னொரு குடும்பம் அரசமாதா வழியாக உள்ளே வந்தது. கி.பி. 9-இல் அந்த அரசமாதாவின் சகோதரர் மகன் வாங் மாங், குழந்தை வாரிசை ஒதுக்கிவிட்டுத் தானே சிங்காசனத்தில் உட்கார்ந்தார்.